எழுத்துக்கூட்டலும் மூளையும்

எழுத்துக்கூட்டல் என்பது ஒரு சொல்லில் அடங்கியுள்ள எழுத்துக்களை உரிய வரிசையில் வெளிப்படுத்துதல் ஆகும். இது இரு முறைகளில் நிகழும். எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாக உரக்கச் சொல்லுதல் வாய்வழி எழுத்துக்கூட்டல் எனவும், அவற்றைத் தாளிலோ பலகையிலோ எழுதுதல் கைவழி எழுத்துக்கூட்டல் எனவும் இக்கட்டுரையில் குறிப்பிடப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே அறிவின் இரு வெளிப்பாடுகள் போலத் தோன்றினாலும் மூளையைப் பொறுத்தவரை முற்றிலும் ஒன்றல்ல. தொடக்கப் படிநிலைகள் இரண்டுக்கும் பொதுவானவை. இறுதிப் படிநிலைகள் வேறானவை. இதனால் மூளை பாதிக்கப்பட்ட ஒருவர் எழுத இயலாதபோதும் எழுத்துக்களைச் சரியாகச் சொல்லக்கூடும். இதற்கு மாறாக, சொல்ல இயலாதவர் சரியாக எழுதவும் கூடும். பிழையாக எழுதும் மாணவரின் இடர்ப்பாடு எதில் உள்ளது என்பதை அறிய இவ்வேறுபாடு உதவுகிறது.

எடுத்துக்காட்டுச் சொல்

இப்படிநிலைகளை விளக்க, கலசப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயர் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. கலசப்பாக்கம் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, சவ்வாது மலைத்தொடரின் அருகில் அமைந்த ஊர் ஆகும். அம்மலையில் தோன்றும் செய்யாறு இவ்வூர் வழியே பாய்கிறது.

கலசப்பாக்கம் என்னும் பெயரில் க, ல, ச, ப், பா, க், க, ம் என எட்டு எழுத்துக்கள் உள்ளன. இவற்றுள் உயிர்மெய் எழுத்துக்கள் ஐந்து. புள்ளி பெற்ற மெய்யெழுத்துக்கள் மூன்று. ககரம் மூன்று இடங்களில் வருகிறது. துணைக்கால் ஓரிடத்தில் மட்டும் வருகிறது. ஆசிரியர் இப்பெயரைச் சொல்ல, மாணவர் ஒருவர் அதனை எழுதி முடிப்பதற்குள் மூளை பல பணிகளைச் செய்ய வேண்டியுள்ளது.

மூளையில் நிகழும் படிநிலைகள்

ஒலியை இனங்காணல்: காதில் விழும் ஓசை முதலில் பொட்டுமடலின் மேற்பகுதியில் பேச்சொலிகளாகப் பகுக்கப்படுகிறது. வலக்கைப் பழக்கம் உடையோரில் மிகப் பெரும்பாலானோருக்கும், இடக்கைப் பழக்கம் உடையோரில் பெரும்பாலானோருக்கும் மொழி தொடர்பான பணிகளில் மூளையின் இடப்பாதியே முதன்மை பெறுகிறது.

சொல்வழி: முன்னரே அறிந்த சொல்லாயின் அதன் முழு எழுத்துவடிவம் நினைவிலிருந்து எடுக்கப்படுகிறது. பழகிய சொற்களின் எழுத்துவடிவங்கள் தொகுக்கப்பட்டுள்ள இந்நினைவைச் சொற்கிடங்கு எனலாம். இடப் பொட்டுமடலின் அடிப்புறப் பின்பகுதியும், உச்சிமடலில் உள்ள கோண மடிப்பு என்னும் பகுதியும் இதனுடன் தொடர்புடையன. கலசப்பாக்கத்தில் வளர்ந்தவர் தம் ஊர்ப்பெயரை எழுத ஒலிகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒலிவழி: முன்பின் அறியாத பெயராயின் கேட்ட ஒலி ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தைத் தேட வேண்டும். இதில் காதுக்கு மேற்புறத்தே அமைந்த, பேச்சொலிகளைக் கையாளும் பகுதிகள் பங்கு கொள்கின்றன. இவ்வூர்ப்பெயரை முதன்முதலாகக் கேட்கும் வெளியூர் மாணவர் இவ்வழியையே நாடுவார். உயிரொலிகளுக்கு இடையே வரும் தனிப் பகரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். இங்கு வன்மையாக ஒலிப்பதால் பகர ஒற்று உண்டு என்பதை அவர் உணர்ந்துகொள்ள வேண்டும். அதனை உணராதவர் 'கலசபாக்கம்' என எழுதிவிடுவார்.

இடைநினைவு: எவ்வழியில் எழுத்துக்கள் கிடைத்தாலும், அவை அனைத்தும் வெளிப்படும் வரை வரிசை குலையாமல் சிறிது நேரம் வைத்திருக்கப்பட வேண்டும். இதற்குரிய குறுகிய கால நினைவு எழுத்து இடைநினைவு எனப்படும். எட்டாம் எழுத்தாகிய மகர ஒற்றை எழுதும்வரை மற்றவற்றின் வரிசை நிலைத்திருப்பது இதனால்தான்.

பிரியும் இடம்: இதுவரை கூறப்பட்ட படிநிலைகள் வாய்க்கும் கைக்கும் பொதுவானவை. இதன்பின் பாதை இரண்டாகப் பிரிகிறது. வாய்வழியில் ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் பெயர் தேடப்பட்டு, பேச்சுறுப்புகளை இயக்கும் பகுதிகளுக்குச் செல்கிறது. கைவழியில் ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் உருவம் தேடப்பட்டு, அவ்வுருவை வரைவதற்கான கோடுகளின் வரிசை வகுக்கப்படுகிறது. உச்சிமடலின் மேற்பகுதி, நெற்றிமடலில் கையசைவைத் திட்டமிடும் பகுதி, சிறுமூளை ஆகியன இதில் பங்கேற்கின்றன. கணினி விசைப்பலகையில் தட்டச்சு செய்தல் மூன்றாவது வெளிப்பாதை எனலாம். அதில் எழுத்தை வரைதல் இல்லை, விசையின் இடத்தை அறிதலே உண்டு.

எழுத்தறிவு கையசைவில் மட்டும் அடங்கியதன்று என்பதை நடைமுறையிலும் காணலாம். வலக்கை செயலிழந்த ஒருவர் இடக்கையால் எழுதும்போது எழுத்துக்கள் கோணலாக அமையும். ஆனால் மொழிப்பகுதிகள் பாதிக்கப்படாதிருந்தால் எழுத்துக்கூட்டல் பிழைபடுவதில்லை.

ஆய்வு வரலாறு

1861 ஆம் ஆண்டில் பிரான்சிய மருத்துவர் பால் புரோக்கா, பேச்சிழப்புக்கும் மூளையின் நெற்றிமடலில் ஏற்படும் சிதைவுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். அதனைத் தொடர்ந்து, எழுதும் ஆற்றலுக்கும் மூளையில் தனி இடம் உண்டா என்னும் வினா எழுந்தது. 1867 ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஓகில், பேச்சிழப்பும் எழுத்திழப்பும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். 1881 ஆம் ஆண்டில் ஆத்திரிய உடலியங்கியலாளர் சிக்மண்ட் எக்ஸ்னர், இட நெற்றிமடலின் நடு மடிப்பின் பின்முனையில் எழுதுவதற்கான மையம் உள்ளது என்றார். இக்கருத்து நீண்ட காலம் விவாதத்துக்கு உள்ளானது. 2009 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மூளை அறுவை மருத்துவத்தின்போது இப்பகுதியை மின்னால் தூண்டிய மருத்துவர்கள், நோயாளிகள் சிலரிடம் எழுதுதல் மட்டும் தடைபடுவதைக் கண்டனர்.

1891, 1892 ஆம் ஆண்டுகளில் பிரான்சிய நரம்பியலாளர் ஜூல் டெஜரீன் விவரித்த இரு நோயாளிகள் இத்துறையில் புகழ்பெற்றவர்கள். முதலாமவர் படிக்கவும் எழுதவும் இயலாதவர். அவருடைய இடக் கோண மடிப்பு சிதைந்திருந்தது. இரண்டாமவர் நன்றாக எழுதுவார். ஆனால் தாம் எழுதியதையே அவரால் படிக்க இயலவில்லை. பார்வையில் கிடைக்கும் எழுத்துருக்கள் இடப்பக்க மொழிப்பகுதிகளைச் சென்றடையாததே இதற்குக் காரணம் என டெஜரீன் விளக்கினார். இவ்வகை வாசிப்பிழப்பு கன்னடமும் ஆங்கிலமும் அறிந்த ஒருவரிடம் காணப்பட்டதை இந்தியப் பேச்சு மொழியியல் அறிஞர் பிரதிபா கரந்த் 1981 ஆம் ஆண்டில் பதிவு செய்தார்.

வாய்வழியும் கைவழியும் தனித்தனியே பாதிக்கப்படலாம் என்பதற்கு 1965 ஆம் ஆண்டில் கின்ஸ்போர்ன், வாரிங்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு முக்கியமான சான்றாகும். அதில் விவரிக்கப்பட்ட நோயாளியிடம் வாய்வழி எழுத்துக்கூட்டல் மட்டும் குறிப்பாகப் பாதிக்கப்பட்டிருந்தது. 1974 ஆம் ஆண்டில் கின்ஸ்போர்னும் ரோசன்ஃபீல்டும் இதற்கு நேர்மாறான, கைவழி மட்டும் பாதிக்கப்பட்ட நோயாளியை விவரித்தனர். இவ்விரண்டும் சேர்ந்து, இறுதிப் படிநிலைகள் வேறானவை என்னும் கருத்துக்கு வலுவூட்டின.

எழுத்திழப்பு வகைகள்

முன்னர் எழுதத் தெரிந்த ஒருவர் பக்கவாதம், தலைக்காயம், மூளைக்கட்டி முதலியவற்றால் அத்திறனை இழத்தல் எழுத்திழப்பு எனப்படும். எப்படிநிலை பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து இது வகைப்படுத்தப்படுகிறது.

* சொல்வழி எழுத்திழப்பு: சொற்கிடங்கு பாதிக்கப்படுவதால் நோயாளி ஒலிப்பதை ஒலித்தவாறே எழுதுவார். ஆங்கிலத்தில் கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்னும் சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்காத ஓர் எழுத்து உண்டு. இவர் அதனை விட்டுவிடக்கூடும். இவ்வகையைப் பிரான்சிய மொழி பேசும் ஒருவரிடம் பொவுவா, டெருவேனே ஆகியோர் 1981 ஆம் ஆண்டில் விவரித்தனர்.
* ஒலிவழி எழுத்திழப்பு: அறிந்த சொற்களை எழுத இயலும், பொருளற்ற புதிய ஒலித்தொடரைச் சொன்னால் எழுத இயலாது. இதனை டிம் ஷாலிஸ் அதே 1981 ஆம் ஆண்டில் விவரித்தார்.
* இடைநினைவுக் குறைபாடு: சொல் நீளநீளப் பிழைகள் மிகும். எழுத்துக்கள் விடுபடும், இடம் மாறும், வேறாகும். சொல்லின் நடுப்பகுதியிலேயே பிழைகள் மிகுந்து காணப்படும். 'கலசப்பாக்கம்' என்பது 'கலபாசக்கம்' என ஆவது இவ்வகைப் பிழைக்கு ஒப்பாகும். இடைநினைவு பொதுவானது என்பதால் வாய்வழியிலும் கைவழியிலும் ஒரே தன்மையான பிழைகள் தோன்றும். இத்தாலிய மொழி நோயாளி ஒருவரைக் கொண்டு கரமாசா, மிசேலி முதலியோர் 1987 ஆம் ஆண்டில் இதனை விளக்கினர்.
* செயல்திட்ட எழுத்திழப்பு: கையில் வலிமை இருந்தும் எழுத்தை வரையும் முறை மறந்துபோதல். இவர் எழுத்துக்களை வாயால் சரியாகச் சொல்வார். பெரும்பாலும் தட்டச்சும் செய்வார்.
* இடஞ்சார் எழுத்திழப்பு: பெரும்பாலும் மூளையின் வலப்பாதி பாதிக்கப்படும்போது தோன்றும். வரிகள் சாய்தல், இடப்பக்க ஓரம் அகன்றுகொண்டே போதல், கோடுகளும் சுழிகளும் தேவைக்கு மேல் இடப்படுதல் ஆகியன இதன் அடையாளங்கள்.

முதல் மூன்றும் பொதுப் படிநிலைகளைச் சேர்ந்தவை. இறுதி இரண்டும் கைவழிக்கு மட்டும் உரியவை.

தமிழ் எழுத்துமுறையின் தனித்தன்மைகள்

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்கள் உள்ளன. அடிப்படை எழுத்துக்கள் சிலவே ஆயினும் உயிர்மெய்க்குரிய குறிகள் அனைத்தையும் பழகக் காலம் தேவைப்படுகிறது. இதே அமைப்புடைய கன்னட எழுத்துக்களைக் குழந்தைகள் கற்பதை ஆராய்ந்த சோனாலி நாக், அக்கற்றல் தொடக்கப்பள்ளியின் பிந்தைய வகுப்புகள் வரை நீள்வதை 2007 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

மயங்கொலிகள்: தமிழில் பெரும்பாலான சொற்களை ஒலிவழியிலேயே எழுதிவிடலாம். மயங்கொலி எழுத்துக்களாகிய ல, ள, ழ; ர, ற; ந, ன, ண ஆகியவற்றில் மட்டும் ஒலி போதிய வழிகாட்டுவதில்லை. தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்னும் பெயர்களில் விதியும் அடங்கியுள்ளது. வந்து, கன்று, கண்டு ஆகிய சொற்களில் பின்வரும் த, று, டு ஆகியவையே முன்வரும் மெய்யைக் காட்டிக்கொடுக்கின்றன. மரம் - மறம், அரம் - அறம் போன்றவற்றுக்கு அத்தகைய உதவி இல்லை. சொல்லின் பொருளை அறிந்து சொற்கிடங்கிலிருந்தே எழுத்தைப் பெற வேண்டும். செய்யாறு என்பதை 'செய்யாரு' என எழுதாமல் காப்பது, அது ஓர் ஆறு என்னும் அறிவே ஆகும். லகர ளகர வேறுபாடு ஒலிப்பில் மங்கியவர்களுக்கு வேலூரும் போளூரும் அவ்வாறே நினைவில் வைக்க வேண்டியவை ஆகின்றன.

வாய்வழி எழுத்துக்கூட்டலில் இது மற்றொரு சிக்கலைத் தருகிறது. எழுத்தை அதன் ஒலியால் மட்டும் குறிப்பிட்டால் கேட்பவருக்கு ஐயம் தீராது. எனவே மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, வல்லின ற, இடையின ர, சிறப்பு ழகரம் என அடைகொடுத்துச் சொல்வர். இவற்றுள் சுழியை எண்ணும் பெயர்கள் எழுத்தின் உருவத்திலிருந்து பிறந்தவை. வாயால் சொல்லும்போதும் கண்ணுக்குரிய உருவம் இங்கு துணைக்கு வருகிறது.

உயிர்க்குறிகளின் இடம்: 'கெ' என்பதில் ககர ஒலி முன்னும் எகர ஒலி பின்னும் வருகின்றன, எழுதும்போதோ கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் வருகின்றன. 'கொ' என்பதில் உயிர்க்குறி இரு பகுதிகளாகி மெய்யின் இரு புறமும் நிற்கிறது. ஆகவே ஒலியின் வரிசையும் கையசைவின் வரிசையும் தமிழில் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வாயால் 'கொ' என ஒரே மூச்சில் சொல்லிவிடும் குழந்தை, எழுதும்போது மூன்று உருவங்களை வரிசைப்படுத்த வேண்டியுள்ளது.

எழுத்துச் சீர்திருத்தம்: எழுத்து என்பதும் அதன் உருவம் என்பதும் மூளையில் வேறு படிநிலைகள் என்பதற்குத் தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் நல்ல எடுத்துக்காட்டாகும். பெரியார் ஈ. வெ. இராமசாமி 1935 ஆம் ஆண்டில் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தங்களுள் சில 1978 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டன. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துக்களின் உருவங்கள் மாறின. திருவண்ணாமலை என்னும் பெயரில் மட்டும் ணா, லை ஆகிய இரண்டு எழுத்துக்கள் இம்மாற்றத்துக்கு உட்பட்டன. அப்பெயரின் எழுத்துக்கூட்டல் மாறவில்லை. வாயால் கூட்டிச் சொல்வதும் மாறவில்லை. பழைய உருவில் பழகியவர்களின் கை மட்டுமே புதிய கோடுகளைக் கற்க வேண்டியிருந்தது.

வட்டார வழக்கும் பிழையும்

எழுத்தில் காணப்படும் பிழை அனைத்தும் மூளையின் குறைபாட்டால் வருவதன்று. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களின் பேச்சு வழக்கில் ழகரம் யகரமாக ஒலிப்பதுண்டு. பழம் என்பதைப் 'பயம்' எனக் கேட்டு வளர்ந்த குழந்தை, ஒலிவழியில் எழுதும்போது அவ்வாறே எழுதினால், அதன் ஒலிவழி சரியாக இயங்குகிறது என்றே பொருள். அச்சொல்லின் எழுத்துவடிவம் சொற்கிடங்கில் இன்னும் சேரவில்லை என்பதே குறை.

சவ்வாது மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்கள் பேசுவது தமிழின் ஒரு வட்டார வழக்கு ஆகும். அங்குள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயிலும் குழந்தைகள், வீட்டில் கேட்ட ஒலியிலிருந்து பாடநூல் வடிவத்துக்கு மாறிய பின்னரே எழுத்துக்கூட்ட வேண்டியுள்ளது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடைவெளி உள்ளதால் சமவெளிக் குழந்தைகளுக்கும் இச்சுமை உண்டு. மலையின் பெயரே ஜவ்வாது, ஜவாது, சவ்வாது எனப் பலவாறு எழுதப்படுகிறது. ஒரே சொல்லைப் பல வடிவங்களில் காணும் மாணவருக்குச் சொற்கிடங்கில் ஒரு வடிவம் நிலைபெறுவது கடினமாகிறது.

கையும் வாயும் இணைதல்

இரு பாதைகளும் பிரிந்தவை ஆயினும் ஒன்றுக்கொன்று துணைசெய்யக் கூடியவை. அமெரிக்காவில் நடைபெறும் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியில் போட்டியாளர்கள் சொல்லை வாயால் கூட்டிச் சொல்ல வேண்டும். 1985 ஆம் ஆண்டில் பாலு நடராஜன் வென்றது முதல் இந்திய வம்சாவளியினர் பலர் இப்போட்டியில் வென்றுள்ளனர். போட்டியாளர் பலர் சொல்லத் தொடங்குமுன் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்ப்பதைக் காணலாம். சீன எழுத்துக்களைப் பயன்படுத்தும் சப்பானியரிடமும் காற்றில் விரலால் எழுதிப் பார்க்கும் வழக்கம் உண்டு.

தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதிப் பழகினர். ஒலி, உருவம், அசைவு ஆகிய மூன்றும் இம்முறையில் ஒருங்கே பதிகின்றன. எழுதிப் பழகுதல் வாசிப்புக்கும் உதவுகிறது என்பதற்குத் தற்கால ஆய்வுகளிலும் சான்று உண்டு. கேரின் ஜேம்சு, எங்கல்ஹார்ட் ஆகியோர் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தொடங்காத ஐந்து வயதுக் குழந்தைகள் கையால் எழுதிப் பழகிய எழுத்துக்களைப் பார்த்தபோது, வாசிப்புடன் தொடர்புடைய மூளைப்பகுதிகள் இயங்கின. தட்டச்சு செய்து பழகிய எழுத்துக்களுக்கு அத்தகைய இயக்கம் காணப்படவில்லை.

கல்வியில் பயன்

பள்ளிகளில் எழுத்துக்கூட்டலை அளக்கப் பெரிதும் பயன்படுவது சொல்வதெழுதுதல் ஆகும். இது கைவழியை மட்டும் அளக்கிறது. பிழையாக எழுதிய மாணவருக்கு அச்சொல்லே தெரியாது என இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. அதே சொற்களை வாயாலும் கூட்டச் சொன்னால் இடர்ப்பாடு எப்படிநிலையில் உள்ளது என்பதைப் பின்வருமாறு ஓரளவு ஊகிக்கலாம்.

* வாயால் சரியாகச் சொல்லி, எழுத்தில் மட்டும் பிழை செய்தால், எழுத்தின் உருவத்திலோ கையசைவிலோ பயிற்சி தேவைப்படலாம்.
* எழுத்தில் சரியாக எழுதி, வாயால் மட்டும் தடுமாறினால், தாளில் கண்ணால் பார்க்கும் துணை இல்லாததோ, எழுத்தின் பெயரைத் தேடுவதோ கடினமாக இருக்கலாம்.
* இரண்டிலும் மயங்கொலி எழுத்துக்களில் மட்டும் பிழை வந்தால், சொல்லின் எழுத்துவடிவம் நினைவில் இல்லை எனலாம். வட்டார ஒலிப்பையும் கருத வேண்டும்.
* இரண்டிலும் நீண்ட சொற்களில் மட்டும் பிழை வந்தால், இடைநினைவின் சுமையைக் குறைக்கச் சொல்லைப் பகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்கலாம். கலசம், பாக்கம் எனப் பிரித்து, இடையே பகர ஒற்று வருவதைக் காட்டுதல் இதற்கு எடுத்துக்காட்டு.

இது ஆசிரியரின் கற்பித்தலுக்கான வழிகாட்டியே அன்றி மருத்துவ அறுதியீடு ஆகாது. போதிய பயிற்சிக்குப் பின்னரும் எழுதுவதில் நீடிக்கும் கடும் இடர்ப்பாடு எழுத்துக் கற்றல் குறைபாடு எனப்படும். இது முன்பு பெற்ற திறனை இழப்பதன்று. திறனைப் பெறுவதிலேயே ஏற்படும் தடை ஆகும். அறிவுத்திறன் குறைவுக்கும் சோம்பலுக்கும் இது அடையாளம் அன்று.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்கிறது. எழுத்துக் கற்றல் குறைபாடு அதில் அடங்கும். இக்குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகள் வழங்கப்படுகின்றன. வாயால் விடையைச் சொல்ல மற்றொருவர் எழுதும் இம்முறையில், மாணவரின் கைவழித் தடை நீங்கி, அவர் அறிந்த விடை மட்டும் மதிப்பிடப்படுகிறது.